ஆறடிக்கு மேல் இருப்பவர்களின் பயணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உயரமானவர்களும், அவர்களுக்கு டிக்கெட் எடுத்துத் தரும் வீட்டாரும் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறோம். கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறோம். பெரும்பாலும் தமிழ்நாட்டு ரயில், பஸ், உள்நாட்டு விமானம் பற்றியவை.

1. நான் 6 அடி 1 அங்குலம்தான். இதெல்லாம் எனக்கும் பொருந்துமா, இல்ல ஆறரை அடி ஆளுங்களுக்கா?

மொத்த உயரம் மட்டும் பயணத்துக்கு உதவாது. மூன்று அளவுகளை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, சுவரை ஒட்டி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, சுவரிலிருந்து முட்டி முனை வரை. இரண்டு, அதே நிலையில் இருக்கையிலிருந்து உச்சந்தலை வரை. மூன்று, மல்லாந்து படுத்து, உச்சியிலிருந்து கால்விரல் நுனி வரை. ஒரே உயரமுள்ள இரண்டு பேரில் ஒருவருக்குக் கால் நீளம், இன்னொருவருக்கு உடம்பு நீளம். முதலாமவருக்கு விமானத்தில் முட்டி இடிக்கும், இரண்டாமவருக்குக் காரில் தலை இடிக்கும்.

மூன்றாவது அளவைத்தான் யாரும் எடுப்பதில்லை. படுக்கும்போது பாதம் தானாக முன்னால் சாயும், அதனால் நின்ற உயரத்தைவிட ஏறக்குறைய 10 செ.மீ. கூடிவிடும். 6 அடி 1 அங்குலம் ஆள் மல்லாந்து படுத்தால் 6 அடி 5 அங்குலம் கேட்கும். குப்புறப் படுத்தால் பாதம் முழுக்க நீண்டுவிடும், இன்னும் மோசம். ஒருக்களித்து முட்டியை மடக்கினால்தான் குறையும். ஆகவே, இது உங்களுக்கும் பொருந்தும்.

2. ட்ரெயின்ல எந்த பெர்த் கேக்கணும்?

ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் உள்பக்கத்து அப்பர் பெர்த். காரணம் ஒன்றே ஒன்றுதான்: கால்மாட்டில் சுவர் இல்லை. உள்பக்கத்து ஆறு படுக்கைகளும் பெட்டிக்குக் குறுக்கே, ஜன்னலிலிருந்து நடைபாதை வரை கிடக்கின்றன. நீளம் ஏறக்குறைய 6 அடிதான் என்றாலும் நடைபாதைப் பக்கம் திறந்திருப்பதால் பாதம் வெளியே நீண்டுகொள்ளும். சைடு லோயரும் சைடு அப்பரும் இரண்டு முனையிலும் தடுப்புக்கு நடுவே இருக்கின்றன. அங்கே ஆறடிக்காரர் விடியும்வரை முட்டியை மடக்கியபடிதான்.

திறந்திருக்கிறது என்பதால் லோயர், மிடில், அப்பர் மூன்றும் ஒன்றல்ல. லோயரில் நீட்டிய கால் நடப்பவர் தொடை உயரத்தில் வரும். பெட்டி, டீ கேன், ஓடும் குழந்தை எல்லாம் அதில்தான் இடிக்கும். மிடிலில் நெஞ்சு உயரம். அப்பரில் பலருக்குத் தலைக்கு மேலே போய்விடும். உயரமான இன்னொருவர் இருட்டில் நடந்துவந்து முகத்தில் உங்கள் பாதத்தை வாங்காமல் இருக்க, அரையடிக்கு மேல் நீட்டாதீர்கள். சாக்ஸ் போட்டுக்கொள்ளுங்கள், குளிருக்கும் நல்லது, எதிரே வருபவருக்கும் நல்லது.

அப்பரின் குறை: நிமிர்ந்து உட்கார முடியாது. ராத்திரி ஏறிக் காலையில் இறங்கும் பாண்டியன், நெல்லை மாதிரி வண்டிகளில் அது பெரிய விஷயமே இல்லை.

3. டிக்கெட்ல 43னு போட்டிருக்கு. அது அப்பரா, சைடான்னு எப்படி கண்டுபிடிக்கிறது?

8ஆல் வகுத்து மீதியைப் பாருங்கள். மீதி 1, 4 என்றால் லோயர். 2, 5 மிடில். 3, 6 அப்பர். 7 சைடு லோயர். மீதியே இல்லையென்றால் சைடு அப்பர். 43இல் ஐந்து எட்டு நாற்பது போக மீதி 3, ஆக அப்பர். நீங்கள் கொடுத்துவைத்தவர். 48 வந்திருந்தால் சைடு அப்பர்.

இரண்டடுக்கு ஏசியில் மிடில் கிடையாது, 6ஆல் வகுக்க வேண்டும். மீதி 1, 3 லோயர்; 2, 4 அப்பர்; 5 சைடு லோயர்; மீதியில்லை என்றால் சைடு அப்பர்.

4. அப்பர்தான் கேட்டேன், சைடு அப்பர் குடுத்துட்டான். இப்ப என்ன பண்றது?

விருப்பம் என்பது விருப்பம்தான், உத்தரவாதம் இல்லை. உயரத்துக்கென்று ஒதுக்கீடோ சலுகையோ ரயில்வேயில் கிடையாது, எனவே அதைச் சொல்லி வாதாடிப் பயனில்லை. முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கிறது. திறந்த அன்றே போட்டால் கேட்டது கிடைக்க வாய்ப்பு அதிகம். தட்கலில் கிடைத்ததை வாங்க வேண்டியதுதான். பதிவு செய்யும்போது தானாக மேல் வகுப்புக்கு மாற்றும் கட்டத்தில் டிக் அடிக்கும் முன் யோசியுங்கள். மேல் வகுப்பு கிடைக்கும், ஆனால் கையில் இருந்த நல்ல பெர்த் போய் அங்கே சைடு வரலாம்.

ஏறியபின் பேசிப் பார்ப்பதுதான் வழி. எளிதாக முடியும் பேரம் இது: உங்களுக்கு லோயர் வந்து, அதே அறையில் வயதான ஒருவருக்கு அப்பர் வந்திருந்தால், கேட்டு முடிப்பதற்குள் மாற்றிக்கொள்வார். அதனால் அப்பர் கிடைக்காது என்று தெரிந்தால் அடுத்தபடியாக லோயர் கேளுங்கள். லோயர் என்பது ரயிலுக்குள் செல்லுபடியாகும் காசு. சைடு அப்பரை வைத்துக்கொண்டு பேரம் பேசுவது கஷ்டம். கட்டையான இளைஞர் யாராவது இருந்தால் உங்கள் பக்கத்தில் நிற்கச் சொல்லிவிட்டு, பெர்த்தைக் காட்டிக் கேளுங்கள். அந்தக் காட்சியே பாதி வேலையை முடித்துவிடும். எதுவும் நடக்கவில்லையென்றால், வராதவர்களின் கணக்கைப் பார்த்து முடித்தபின் டி.டி.இ.யிடம் கேளுங்கள், வந்ததும் மறிக்காதீர்கள்.

ஆர்.ஏ.சி. (படுக்கை இன்னும் உறுதியாகாத டிக்கெட்) என்றால் சைடு லோயரில் இரண்டு பேர் எதிரெதிரே உட்கார வேண்டும். ஒருவர் ஜன்னல் ஓரமும் மற்றவர் நடைபாதை ஓரமும் காலை நீட்டினால் முட்டி முட்டியோடு மோதாது. தூங்க வேண்டிய இரவுக்கு ஆர்.ஏ.சி.யை நம்பி ஏறாதீர்கள்.

5. கூட காசு குடுத்து ஏசி போட்டா படுக்கை நீளமா இருக்குமா?

பெட்டியின் அகலம்தான் படுக்கையின் நீளத்தைத் தீர்மானிக்கிறது. அது எல்லா வகுப்புக்கும் ஒன்றே. இரண்டடுக்கு ஏசியில் நீங்கள் காசு கொடுத்து வாங்குவது உயரவாக்கில் இடம். மிடில் இல்லாததால் லோயரில் நிமிர்ந்து உட்காரலாம், அப்பரிலும் ஓரளவு முதுகை நிமிர்த்தலாம். உடம்பு நீளமானவருக்கு அந்தக் காசு தகும். கால் நீளமானவருக்கு மூன்றடுக்கு அப்பரும் இரண்டடுக்கு அப்பரும் படுக்க ஏறக்குறைய ஒன்றுதான்; திரை இருப்பதால் நீட்டிய பாதம் திரைக்கு வெளியே தெரியும், அவ்வளவே. முதல் வகுப்பு ஏசியில் அகலமும் மெத்தையும் நன்றாக இருக்கும், ஆனால் அறைக்குச் சுவரும் கதவும் உண்டு. கால் நீட்ட நடைபாதை கிடையாது.

மூன்றடுக்கு ஏசியின் எகானமி வகுப்பைக் கவனியுங்கள். வழக்கமான எல்.எச்.பி. (புது வடிவமைப்பு) பெட்டியில் 72 படுக்கை இருக்கும் நீளத்தில் இதில் 83 வரை வைத்திருக்கிறார்கள். படுக்கை நீளம் குறையவில்லை, எதிரெதிர் இருக்கைகளின் இடைவெளி குறைந்துவிட்டது. இரவில் தெரியாது. பகலில் எதிரே இருப்பவரின் முட்டியோடு உறவாடிக்கொண்டே போக வேண்டும்.

6. வந்தே பாரத்ல போலாமா? வைகைல போலாமா?

சென்னை–கோவை, சென்னை–திருநெல்வேலி வந்தே பாரத்களின் சேர் கார் இரண்டும் மூன்றுமாக அமைந்த வரிசை. இடைவெளி சாதாரண பஸ்ஸைவிட நன்று. பெட்டியின் நடுவில் மேசையைச் சுற்றி எதிரெதிராக வரும் இருக்கைகளைத் தவிருங்கள். படத்தில் விசாலமாகத் தெரியும், உட்கார்ந்தால் நான்கு முட்டிகள் ஒரு மேசைக்கு அடியில். எக்சிகியூட்டிவ் வகுப்பு இரண்டும் இரண்டும். அங்கே கால் இடம் தாராளம்.

எந்த சேர் காரிலும் நடைபாதை இருக்கைதான். வலதுகால் முட்டி வலிக்காரர், நடைபாதை தனக்கு வலப்பக்கம் வருகிற இருக்கையை எடுக்க வேண்டும். இடதுகால் என்றால் மறுபக்கம். வைகை, பல்லவன் மாதிரி பகல் வண்டிகளிலும் இதே கணக்கு.

7. ஊட்டி மலை ரயில்ல ஏறினா கால் பிழைக்குமா?

மேட்டுப்பாளையத்திலிருந்து உதகை வரை 46 கி.மீ., மேலே ஏற ஏறக்குறைய 5 மணி நேரம். மீட்டர் கேஜ் பெட்டி, எதிரெதிர் பெஞ்சு, எழுந்து நடக்க நடைபாதை கிடையாது. ஒவ்வோர் அறைக்கும் தனித்தனிக் கதவு. என்ஜின் தண்ணீர் பிடிக்க நிற்கும் இடங்களிலும் குன்னூரிலும் கட்டாயம் இறங்கி நில்லுங்கள். முழுத் தூரமும் வேண்டாம் என்றால் குன்னூர்–உதகை மட்டும் போகலாம், அது ஒன்றேகால் மணி நேரம் மாதிரி.

8. ஸ்லீப்பர் பஸ்ல 6 அடி 3 ஆள் படுக்க முடியுமா?

நேராகப் படுக்க முடியாது. பெரும்பாலான ஸ்லீப்பர் பஸ்களில் படுக்கை 6 அடியை ஒட்டியே இருக்கும், கால்மாட்டில் அடுத்த படுக்கையின் பலகை. 2ஆம் கேள்வியில் சொன்ன திறந்த முனை இங்கே இல்லை. ரயிலில் சமாளிக்கிறவர்கள் பஸ்ஸில் மாட்டிக்கொள்வது இதனால்தான்.

குறுக்குவாட்டில் படுக்கலாமே என்பார்கள். கணக்கைப் பாருங்கள். படுக்கை 180 செ.மீ. நீளம், 70 செ.மீ. அகலம் என்று வையுங்கள். மூலைக்கு மூலை 193 செ.மீ. வருகிறது. ஆனால் மனிதன் கோடு இல்லையே. தோளும் பாதமும் ஓரத்தில் இடிப்பதால் உண்மையில் கூடுதலாகக் கிடைப்பது 5 செ.மீ. அளவுக்குத்தான். இரட்டைப் படுக்கை முழுவதையும் ஒருவரே எடுத்தால் கதை வேறு. அகலம் 105 செ.மீ. என்றால் தோளுக்கு விட்டது போக 15 செ.மீ. போல மிஞ்சும். 6 அடி 3 ஆளுக்கு அந்த இரண்டாவது டிக்கெட் வீண் செலவு இல்லை.

படம் பார்த்து எடுக்கும்போது கடைசி வரிசைப் படுக்கைகளை விட்டுவிடுங்கள். பின்சக்கரத்துக்குப் பின்னால் இருப்பதால் ஒவ்வொரு வேகத்தடையிலும் தூக்கிப்போடும். மேல் படுக்கையில் கூரை தாழ்வு, தூக்கிப்போட்டால் தலையில் படும். நடுப்பகுதிக் கீழ்ப் படுக்கை உத்தமம். ஒருக்களித்து, முட்டிகளுக்கு நடுவே ஒரு துண்டையோ சால்வையையோ மடித்து வைத்துக்கொண்டால் காலையில் இடுப்பு பிடிக்காது.

9. செமி ஸ்லீப்பர், புஷ்பேக் பஸ்னா எந்த சீட்டு?

முதல் வரிசை என்பதுதான் எல்லோர் சொல்லும். பாதி உண்மை. முன்னால் சாய்கிற சீட்டு இல்லாததால் முட்டிக்கு நிம்மதி. ஆனால் டிரைவர் கேபின் தடுப்பு நேர் எதிரே நிற்கும், பாதத்தை முன்சீட்டுக்கு அடியில் நுழைப்பது போல நுழைக்க முடியாது. முட்டி மடங்கியே இருக்கும். தடுப்பு எங்கே வருகிறது என்று முடிந்தால் ஏறும் முன் வாசலில் நின்று ஒரு பார்வை பாருங்கள்.

சக்கரத்துக்கு மேல் வரும் சீட்டில் தரை மேடாக இருக்கும்; கால் நீளமானவருக்கு முட்டி மோவாய்க்கு வந்துவிடும். கடைசி நீள வரிசையின் நடு சீட்டில் கால் நீட்ட நடைபாதை முழுக்க உங்களுடையது, ஆனால் பிரேக் போட்டால் தாங்க முன்னால் எதுவும் இல்லை. பெல்ட் இல்லாத பஸ்ஸில் அங்கே தூங்காதீர்கள். மீதமுள்ளதில் நடுப்பகுதி, நடைபாதை ஓரம்.

தலைசாய்ப்புதான் அடுத்த தொல்லை. நமக்கு அது கழுத்துக்குக் கீழே முட்டும், தலை பின்னால் தொங்கும். துண்டைச் சுருட்டி, சாய்ப்பின் மேல்விளிம்பில் கழுத்துக்குக் கொடுங்கள். கடையில் விற்கும் லாட வடிவத் தலையணையும் கழுத்து நீளமானவருக்கு எட்டாது.

10. டவுன் பஸ்ல நின்னுட்டு போனா?

கம்பியைப் பிடிப்பதில் நமக்குக் கஷ்டமில்லை, அதில் நெற்றியை வைத்துக்கொள்வதில்தான். கம்பிக்கு நேர்கீழே நிற்காமல் ஒரு சாண் தள்ளி நில்லுங்கள். படியில் ஏறும்போதைவிட இறங்கும்போதுதான் வாசல் மேல்விளிம்பு இடிக்கும், ஏனெனில் பார்வை கீழே இருக்கும்.

11. ஃப்ளைட் சீட்டு 29 இஞ்ச்னு போட்டிருக்கு. அது போதுமா?

அந்த 29 அங்குலம் காலுக்கான இடம் அல்ல. ஒரு சீட்டின் ஒரு புள்ளியிலிருந்து முன்சீட்டின் அதே புள்ளி வரை உள்ள தூரம். சாய்மானத்தின் தடிமனும் அதற்குள் அடக்கம். 29 அங்குலம் என்பது 74 செ.மீ. மெல்லிய சீட்டாக இருந்து 5 முதல் 8 செ.மீ. கழித்தால் 66 முதல் 69. 1ஆம் கேள்வியில் எடுத்த முட்டி அளவு இதைவிடக் குறைவாக இருந்தால் தப்பித்தீர்கள். சமமாக இருந்தால் முன்சீட்டு உங்கள் முட்டியில் உட்கார்ந்திருக்கும்.

இடுப்பைப் பின்னால் ஒட்ட வைத்து உட்காருங்கள். சறுக்கி உட்கார்ந்தால் முட்டி முன்னால்தான் போகும். முன்பையில் இருக்கும் தண்ணீர் பாட்டிலையும் பத்திரிகையையும் எடுத்துவிடுங்கள், அவை சரியாக முட்டி உயரத்தில் இரண்டு செ.மீ. தின்னும். கைப்பையை மேலே வையுங்கள். சீட்டுக்கடியில் வைத்தால் பாதத்துக்கு இருந்த ஒரே இடமும் போச்சு.

12. எக்ஸிட் ரோ கேட்டா குடுப்பாங்களா?

கூடுதல் கட்டணம் கட்டினால் பெரும்பாலும் கிடைக்கும். அவசரத்தில் கதவைத் திறக்க உதவ முடிகிறவர்களுக்கு மட்டும்தான். சிறுவர், கர்ப்பிணி, உதவி தேவைப்படுபவர், பெல்ட் நீட்டிப்பு கேட்பவர் உட்கார முடியாது. பணிப்பெண் வந்து சம்மதமா என்று வாய்விட்டுக் கேட்பார், தலையாட்டினால் போதாது. மேலெழும்போதும் இறங்கும்போதும் காலடியில் பை வைக்கக் கூடாது.

ஏ320இல் இறக்கைக்கு மேல் இப்படி இரண்டு வரிசை அடுத்தடுத்து இருக்கும். முன்னது சாயாது, பின்னாலிருக்கும் வழி அடைபடும் என்பதால். பின்னதில் உட்கார்ந்தால் முன்சீட்டு உங்கள்மேல் சாயாது, உங்களுடையது பெரும்பாலும் சாயும். ஒரே கட்டணமென்றால் பின்னதை எடுங்கள். இவற்றுக்குச் சற்று முன்னால் உள்ள வரிசையும் பல விமானங்களில் சாயாது, அதைக் காசு கொடுத்து எடுக்காதீர்கள்.

13. தூத்துக்குடி, சேலம் போற சின்ன ஃப்ளைட்டு எப்படி?

ஏ.டி.ஆர். 72 வகை. உள்ளே நடக்குமிடத்தில் உயரம் 1.91 மீ.; 6 அடி 3 ஆள் அதன் விளிம்பில் இருக்கிறார், கூந்தல் வேறு இருந்தால் முடிந்தது. வாசல் இன்னும் தாழ்வு, குனிந்தே ஏறுங்கள். ஜன்னலோரத்தில் சுவர் உட்புறம் வளைவதால் தோளும் தலையும் சாயும். நடைபாதை சீட்டு எடுங்கள். பறக்கும் நேரம் குறைவு என்பதால் தாங்கலாம்.

14. முன்னாடி இருக்கறவர் சீட்டை சாய்ச்சுட்டாரு. முட்டியால இடிக்கலாமா?

வேண்டாம், அவருக்கு அது முதுகில் மசாஜ் போலத்தான் இருக்கும். உட்கார்ந்தவுடன், அவர் சாய்க்கும் முன்பே, "கால் இடிக்குது, சாய்க்கறதுக்கு முன்னாடி சொல்லுங்க சார்" என்று சொல்லிவிடுங்கள். முன்னால் கேட்டால் ஒத்துக்கொள்பவர், சாய்த்தபின் கேட்டால் உரிமை பேசுவார். பஸ்ஸிலும் இதே.

15. லண்டன், ஆஸ்திரேலியா மாதிரி நீளமான ஃப்ளைட்ல கால்ல ரத்தம் கட்டும்னு சொல்றாங்களே?

பொய்யில்லை. 4 மணி நேரத்துக்கு மேல் ஒரே இடத்தில் உட்கார்ந்து போவது காலின் ஆழ்நாளங்களில் ரத்தக்கட்டு வரும் வாய்ப்பைக் கூட்டுகிறது, 1.9 மீட்டருக்கு மேல் உயரமானவர்களுக்கு அது இன்னும் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு 2007இல் சொன்னது. பஸ், ரயில், கார் பயணத்துக்கும் இது பொருந்தும். இருக்கையின் முன்விளிம்பு தொடையின் பின்பக்கத்தை அழுத்துவதும், முட்டி மடங்கியே கிடப்பதும் ரத்த ஓட்டத்தைத் தடுக்கின்றன.

மணிக்கொருமுறை எழுந்து நடங்கள். எழ முடியாதபோது குதிகாலை ஊன்றி முன்பாதத்தைத் தூக்குவதும், முன்பாதத்தை ஊன்றிக் குதிகாலைத் தூக்குவதுமாக இருபது முறை. தூக்க மாத்திரை போட்டு மடங்கிக் கிடக்காதீர்கள். ஏற்கெனவே ரத்தக்கட்டு வந்தவர், அண்மையில் அறுவை செய்துகொண்டவர், கருத்தடை மாத்திரை எடுப்பவர் டாக்டரைக் கேட்டு அழுத்தக் காலுறை அணியலாம். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால், அல்லது திடீரென மூச்சு வாங்கினால், இறங்கியவுடன் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

16. டாக்ஸி புக் பண்ணா எந்த வண்டி, எந்த சீட்டு?

முன்சீட்டு. முதலில் உயரத்தைக் குறைக்கும் நெம்பு இருந்தால் அதை இறக்குங்கள், பிறகு பின்னால் தள்ளுங்கள், கடைசியில் சாய்மானம். பலர் முதலிலேயே சாய்த்துவிடுகிறார்கள், அதனால் பெல்ட் தோளை விட்டு விலகும். பின்சீட்டு என்றால் குட்டையானவருக்குப் பின்னால். கூரைக் கண்ணாடி உள்ள வண்டியில் உள்ளே சில செ.மீ. குறைவு, உடம்பு நீளமானவர் அதே வண்டியின் சாதாரண மாடலை எடுப்பது நல்லது. ஏழு பேர் வண்டியின் மூன்றாம் வரிசை நமக்கானது இல்லை, யார் எவ்வளவு அன்பாகச் சொன்னாலும்.

நீங்களே ஓட்டினால் நெஞ்சுக்கும் ஸ்டியரிங்குக்கும் 25 செ.மீ.யாவது இருக்கட்டும். முன்சீட்டில் உட்கார்ந்து டேஷ்போர்டில் காலை வைக்காதீர்கள். காற்றுப்பை வெடித்தால் முட்டி முகத்துக்கு வரும்.

17. லாட்ஜ்ல கட்டில் பத்தலைன்னா?

முன்பதிவின்போது "டபுள் பெட்டா, கிங் சைஸா" என்று கேட்பதைவிட, கால்மாட்டில் பலகை இருக்கிறதா என்று கேளுங்கள். பலகை இல்லாத 75 அங்குலக் கட்டிலில் பாதம் வெளியே தொங்கும், பரவாயில்லை. பலகையுள்ள 78 அங்குலக் கட்டிலில்கூட 1ஆம் கேள்விக் கணக்குப்படி 6 அடி 3 ஆளுக்கு இடிக்கும். பலகை இருந்தால் மெத்தையைத் தரையில் இறக்கித் தரச் சொல்லுங்கள், ரூம் பாய்க்கு இது புதிதில்லை.

போர்வை பத்தாது என்றால் குறுக்கே மூலைவாட்டில் போர்த்துங்கள், ஒரு முனை பாதத்துக்கும் எதிர்முனை தோளுக்கும் வரும். தாழ்ந்த கூரையுள்ள பழைய அறைகளில் மின்விசிறியை நிறுத்திவிட்டுத்தான் சட்டையைத் தலைவழியாகக் கழற்ற வேண்டும்.

18. கோயில், கோட்டை, பழைய வீடுன்னு போனா தலையில புடைப்போட வர்றேன். ஏன்?

திட்டிவாசலும் (பெரிய கதவுக்குள் இருக்கும் சிறு வாசல்) பழைய வீட்டு நிலையும் குனிந்து நுழையும்படியே இருக்கும். நுழையும்போது எல்லோரும் குனிகிறார்கள். அடி விழுவது சீக்கிரம் நிமிர்வதால். நிலை தடிமனாக இருக்கும், அதற்குப் பின்னால் இன்னொரு விட்டமும் இருக்கலாம். பின்குதிகால் வாசற்படியைத் தாண்டிய பிறகே தலையைத் தூக்குங்கள்.